அமைப்பின் பெயர்: தேத்தண்ணி

என் பெயரை இந்த நாட்டில் முதன்முதலாக வெட்டியவர் ஒரு நல்ல மனிதர். மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் நான் வேலைக்குச் சேர்ந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேற்பார்வையாளர். என் கடவுச்சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு, முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிடலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பாவின் பெயரும் என் பெயருமாக ஆங்கிலத்தில் எழுதினால் முப்பத்தொரு எழுத்து வரும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அதன்பிறகு பதினெட்டு வருடம் என் கழுத்து அட்டையில் அந்த மூன்று எழுத்துத்தான் தொங்கியது. நாய்க்குட்டிக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் மட்டும் கத்துவேன்.

இத்தனைக்கும் எங்கள் கூடத்தில் பெயர்தான் சாமி. இரத்தம் வருகிற ஒவ்வொரு டியூபிலும் ஒட்டியிருக்கும் பெயரும், கூட வருகிற படிவத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சந்தேகமானதை ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் அந்த டியூப் செல்லாது. யாருடைய இரத்தமாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த மேசையில் ஒன்பது வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தவள் ஒரு சீனப் பெண். என் வயதுதான். அவள் பெயர் ஒரே அசை. அதை யாரும் வெட்டவில்லை, ஆனால் ஒருவரும் சரியாகச் சொன்னதும் இல்லை.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அது அவளுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. அதனால் இருவரும் ஒருவர் பிழையை ஒருவர் பொறுத்துக்கொண்டோம். அவள் சொன்னதெல்லாம் என் காதில் என்னுடைய யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் நான் கேட்காத கேள்வி இல்லை. எனக்குத் தெரிந்த அதிகாரம் பூட்ஸ் போட்டது. கதவை உதைக்கும், பெயரைக் கேட்கும், ஆளைக் கொண்டுபோகும். அத்தனை கோடிச் சனத்தை ஒரு கட்சி இத்தனை காலம் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது, ஆளுக்கொரு சிப்பாயா நிற்கிறான் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தாள். பூட்ஸ் கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் செருப்புப் போட்டவர்களே போதும் என்றாள்.

அவளுடைய அப்பா ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கட்சிச் செயலாளராக இருந்தவர். தொழிற்சாலைக்கு ஒரு முகாமையாளர் உண்டு, ஆனால் அவருக்கு மேலே செயலாளர். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் நகரசபையிலும் இதே கதைதான். எங்கே போனாலும் இரண்டு கதிரை, அதில் பெரிய கதிரை கட்சியுடையது. யாருக்குப் பதவி, யாருக்கு மாற்றம் என்பதை அந்தக் கதிரை சொல்லும். கதிரையில் இருப்பவரை அவருக்கு மேலே உள்ள கதிரை சொல்லும். கீழே இருந்து ஒன்றும் மேலே போவதில்லையா என்று கேட்டேன். போகும், கைதட்டல் போகும் என்றாள். தேர்தலும் உண்டாம், யார் நிற்கலாம் என்பது முதலே முடிவாகிவிடும். இதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. மெல்பேர்னில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பாரும், பழைய தலைவரே ஏகமனதாகத் தெரிவாகி மாலையும் கையுமாக நிற்பார் என்றேன்.

குடியிருப்புகளையும் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். சில நூறு வீட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஆள். பெரும்பாலும் பக்கத்து வீட்டு மனுசிதான். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். குழாயைத் திருத்தித் தருவதும் அவர்தான், எழுதி அனுப்புவதும் அவர்தான். படிக்கிற காலத்தில் தொடங்கி ஆளுக்கொரு கோப்பு இருக்கும். அது நீங்கள் போகிற இடமெல்லாம் உங்கள் பின்னால் வரும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் மட்டும் பார்க்க முடியாது.

கேட்கக் கேட்க எனக்குக் கோபம் ஏறியது. குட்டக் குட்டக் குனிகிற சனம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் முதன்முறையாக என்னோடு கோபித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சிறுவனாக இருந்தபோது மரத்தின் பட்டையை அவித்துத் தின்றவர். ஒரே ஆயுளுக்குள் வீடு, மின்சாரம், வேகமாக ஓடுகிற ரயில், பட்டம் பெற்ற மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் தலையாட்டுவது பயத்தால் மட்டும் இல்லை, நன்றியும் இருக்கிறது. அது விளங்காவிட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் டியூப் பெயர்களைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே வந்து ஒன்று சொன்னாள். பல்கலைக்கழகத்தில் கட்சியில் சேர அவளும் விண்ணப்பித்தவள். சேருகிறவர்களை வருடக்கணக்கில் கவனிப்பார்களாம். அதற்கென்று கூடப் படிக்கிறவர்களிடமே அறிக்கை கேட்பார்களாம். கூட விண்ணப்பித்திருந்த தன் அறைத் தோழியைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நான் பொய் ஒண்டும் எழுதேல்லை," என்றாள். "அவள் எந்த நேரம் வாறவள், என்ன வாசிக்கிறவள் எண்டுதான் எழுதினனான். எல்லாம் உண்மை. அதுதான் எனக்கு இப்பவும் நித்திரை வராது."

அந்தத் தோழிக்குக் கேட்ட வேலை கிடைக்கவில்லையாம். இவளும் பிறகு விண்ணப்பத்தைத் தொடரவில்லை, படிப்பை முடித்ததும் இங்கே வந்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில்தான் அவளுடைய நாட்டில் ஒரு அடுக்குமாடியில் தீப்பிடித்து ஆட்கள் இறந்தார்கள். கொரோனா ஊரடங்குக்காகப் பாதைகளை அடைத்து வைத்திருந்ததால்தான் தப்ப முடியாமற் போனது என்று சனம் நம்பியது. இளைஞர்கள் தெருவுக்கு வந்து வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் எழுதாத தாளுக்கு என்ன குற்றம் சுமத்துவாய் என்ற கேள்விதான் அது. எங்கள் நகர நூலகத்துப் படிகளிலும் ஒரு மாலை அப்படி நிற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் என்னிடம் வந்தாள். தனியே ரயில் ஏறப் பயமாக இருக்கிறது, துணைக்கு வருவாயா என்று கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை, வருகிறேன் என்றேன்.

இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். போகும்போது நான் ஃபிளாஸ்க்கில் பிளேன்ரீ போட்டுக்கொண்டு போனேன். பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணி. எங்களால் சுடுதண்ணீர் இல்லாமல் எங்கேயும் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் ஃபிளாஸ்க்கோடு போகிற ஆட்கள் நாங்கள். படிகளில் நூறு பேர் இருக்கலாம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. எல்லாரும் முகக்கவசமும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார்கள். முகம் திறந்திருந்தது எனக்கு மட்டும்தான். எனக்கென்ன, மடியில் கனமில்லை. அவள் ஒரு மணித்தியாலம் தாளை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். ஒரு கை அலுத்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. தாளை என்னிடம் தாரும், ஒரு வாய் குடியும் என்றேன். வேண்டாம் என்றாள். விட்டேனா நான்? வேண்டாம் என்கிறவருக்கு மூன்று தரம் சொல்லிக் குடிக்கவைப்பதுதானே எங்கள் உபசாரம். மூன்றாம் தரம் அவள் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றியதை வாங்கிக் குடித்தாள். யாரோ அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன். நடுவில் அவள், முகம் தெளிவாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டு. பக்கத்தில் நெற்றியில் பொட்டோடு நான். ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் அவளுடையதும் எனக்கு யாரோ தந்ததுமாக இரண்டு வெள்ளைத்தாள். கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்ப்பவள் போல நிமிர்ந்து நிற்கிறேன்.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. வாசிக்கிற பெயர்களைத் தப்பாக வாசித்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். வேலை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்து நிறுத்தி, ஏதோ நடந்திருக்கிறது, மறைக்காமல் வீட்டுக்கு வாரும், ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைப்போம் என்றேன். அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள். பிறகு சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதாள்.

"எங்கட அப்பாவிட்டயும் இதைத்தான் சொன்னவை," என்றாள். "வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு."

அவளுடைய ஊரில் அந்தச் சொல்லுக்கு விசாரணை என்றுதான் பொருள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். யாரும் கதவை உதைப்பதில்லை. பொலிஸ்காரர் தொலைபேசியில் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். போனால் உண்மையாகவே தேத்தண்ணி வைப்பார்கள். உங்கள் உடம்பு எப்படி என்பார்கள். மகன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பதவி உயர்வுக் காலமாமே என்பார்கள். பேரன் இந்த வருடம் சோதனை எழுதுகிறானாமே என்பார்கள். பிறகு படத்தை மேசையில் வைப்பார்கள். ஒரு மிரட்டலும் இருக்காது. எல்லாம் சுகம் விசாரிப்புத்தான்.

எங்களுக்கும் ஒரு சொல் இருந்தது. 'சும்மா ஒரு விசாரணை, அரை மணித்தியாலத்தில விட்டிடுவம்.' அதைக் கேட்டு வீட்டை விட்டுப் போனவர்களின் செருப்பு வாசலில் வருடக்கணக்கில் கிடந்தது எனக்குத் தெரியும். அதிகாரம் பெரிய சொற்களைப் பேசும்போது பயப்படத் தேவையில்லை. வீட்டுச் சொற்களை எடுத்துப் பேசத் தொடங்கும்போதுதான் பயப்பட வேண்டும். தேத்தண்ணி என்ற சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல்.

அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, மகள் தன் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். மற்றது, படத்தில் தாள்களை வைத்திருக்கும் அந்தப் பொட்டுக்காரி யார், அவளுடைய பெயர் என்ன, எந்த அமைப்பைச் சேர்ந்தவள். தாள் பங்கிட்டு, சாப்பாடு தண்ணீர் பார்த்து, முகத்தையும் மறைக்காமல் நிற்கிறபடியால் அவள்தான் அங்கே பொறுப்பாளர் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசும்போது மகள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அப்பா மறுபடி தேத்தண்ணிக்குப் போக வேண்டும்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தெருவில் குப்பைத் தொட்டி வைப்பதற்குக்கூட ஒருவரும் என் சொல் கேட்பதில்லை. நான் ஒரு வெளிநாட்டுச் சதியின் தலைவியாம். சிரிப்பு அடங்கியதும்தான் அவர்கள் கேட்பது என் பெயரை என்பது உறைத்தது. பெயர் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததா?

பத்தொன்பது வயதில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நின்றவள் நான். ஜீப்புக்குள் ஒரு மனிதன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று நாங்கள் சொல்வது அவனைத்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். எனக்கு முன்னால் போனவர் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த ஆசிரியர். சாக்கு ஆடியது. அவர் திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தவனும் எங்கள் ஊரவன்தான் என்று சொன்னார்கள். மற்றப் பக்கம் இருந்த இயக்கமும் பெயர் கேட்டது, அதற்கும் பெயர் கொடுத்தவர்கள் எங்கள் ஊரவர்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் பயந்து, பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று எழுத்தாக வெட்டியபோது நான் ஏன் சும்மா இருந்தேன் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுகமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டாயே என்ற பழமொழியில் தொடங்கி, ஊரில் இருக்கிற என் தங்கை, அடுத்த வருடம் சிங்கப்பூர் வழியாகப் போகிற பயணம், மகளின் எதிர்காலம் என்று எல்லாவற்றையும் மேசையில் போட்டார். எனக்கும் அவருக்கும் உள்ள பயம் ஒரே பயம்தான், அதனால் அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குள் இடறிக்கொண்டே இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றவைத்தது நான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள். அந்த இஞ்சித் தேத்தண்ணி இல்லாவிட்டால் ஒரு கிழவர் அந்த மேசைக்குப் போயிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை அவளிடம் போய், என் பெயரைக் கொடும் என்றேன். முழுப்பெயரையும் கொடும், எழுத்துக் கூட்டி எழுதித் தாறன் என்றேன். அவள் தலையை ஆட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருந்தாள்.

"ஒருக்கா எழுதிக் குடுத்தனான்," என்றாள். "இன்னொருக்கா மாட்டன்."

"அது அவளுக்குத் தெரியாமல் குடுத்தது. இது நானாத் தாறது. இரண்டும் ஒண்டில்லை."

"அவைக்கு இரண்டும் ஒண்டுதான். பேர் வந்தால் சரி."

கொடுக்காவிட்டால் அப்பாவின் கதி என்ன என்று கேட்டேன். அவள் டியூபை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தம்பியின் பதவி உயர்வு போகும், பேரனின் படிப்பில் ஏதாவது செய்வார்கள், அப்பாவை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு கட்சி இத்தனை காலம் நிற்பதன் இரகசியத்தை நான் புத்தகத்தில் தேடத் தேவையில்லை. அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவளைத் தண்டிக்க அவர்களுக்கு அவள் தேவையில்லை, அவள் நேசிக்கிறவர்கள் போதும். அப்படியென்றால் அங்கே நேசிப்பவர் ஒருவரும் இல்லாத ஒருத்தியின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், அந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை என்று வாதாடினேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாரும், அப்பாவோடு இங்கிருந்து பேசும், சொல்வதை நானே சொல்கிறேன் என்றேன். தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறாயா என்று கேட்டாள். ஓம், அந்தச் சொல்லை நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன்.

வந்தாள். பின்னேரம், எங்கள் குசினியில் வெயில் விழுகிற பக்கம் உட்காரவைத்தேன். வீட்டுக்காரர் புல் வெட்டப் போவதாகச் சொல்லி வெளியே போனார். இயந்திரச் சத்தம் மட்டும் கேட்கவில்லை, யன்னலுக்கு அடியிலேயே நின்றிருப்பார். அவள் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திரையில் அவளுடைய அப்பா வந்தார். மெல்லிய மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அவருக்கு முன்னாலும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏனோ தைரியம் வந்தது.

அவர்கள் கொஞ்ச நேரம் மருந்து, முழங்கால் என்று பேசினார்கள். அவள் ஒவ்வொன்றாக எனக்கு மெதுவாகச் சொன்னாள். பிறகு அவர் கொஞ்சம் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, கூட்டத்தில் பேசுகிறவர் குரலில் ஏதோ கேட்டார். அவள் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, படத்தில் இருந்த அதே பொட்டோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வணக்கம் சொன்னேன். அந்தப் படத்தில் நிற்பது நான்தான் என்றேன். பிறகு என் பெயரைச் சொன்னேன்.

முழுவதையும் சொன்னேன். அப்பாவின் பெயரை முன்னால் வைத்து, ஒரு அசையும் விழுங்காமல், பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போது சொன்னமாதிரி. ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் வந்தன. பதினெட்டு வருடமாக அந்தக் குசினிக்கு வெளியே நான் சத்தமாகச் சொல்லாத பெயர். 

அவர் காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இன்னொருமுறை சொல்லும்படி கையால் காட்டினார். சொன்னேன். அவர் வாயை அசைத்துப் பார்த்தார். முதல் இரண்டு அசை வந்தது, மூன்றாவதில் இடறினார். மறுபடி முயன்றார், இந்தமுறை வேறொரு பெயர் வந்தது. மூன்றாம் முறை முற்றிலும் இன்னொன்று. பிறகு மகளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, கோப்புக்கு எழுதச் சொல்லுகிறவர் போல, மெதுவாக ஏதோ சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

"அப்பா சொல்லுறார், தான் முப்பது வருஷம் ஆக்களின்ர கோப்பு எழுதினவராம். எங்கட எழுத்தில எழுத முடியாத பேரைக் கோப்பில போட ஏலாதாம். தனக்கு வயசு போயிட்டுதாம், இவ்வளவு நீளமான பேரை ஞாபகம் வைச்சிருக்கத் தெரியாதாம். நாளைக்குக் கேட்டால் அப்பிடித்தான் சொல்லுவாராம்."

நான் திரையைப் பார்த்தேன். அவர் முகம் செயலாளரின் முகமாகவே இருந்தது, ஒரு தசை அசையவில்லை. அப்படியானால் எந்த அமைப்பு என்று அவர் கேட்டதை அவள் எனக்குச் சொன்னாள். தேத்தண்ணி என்று தமிழிலேயே சொன்னேன். அதை மட்டும் அவர் ஒரே தரத்தில் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். அவர்களுடைய மொழியிலும் தேயிலைக்குத் தே என்றொரு பெயர் ஒரு கரையோரப் பேச்சில் உண்டாம். மறுநாள் அந்த மேசையில் அவர் எதைச் சொல்லப்போகிறாரோ எனக்குத் தெரியவில்லை.

அவள் அனுப்பிய கடிதம் நாலு வரிதான். மண்டபம் நிறைந்து கைதட்டுகிற பாணியில் எழுதிய பத்து மாதிரிகளை இணையத்தில் பார்த்துவிட்டு, ஒன்றையும் எடுக்கவில்லை. மாலையில் வெளியே போனேன், தாகமாக இருந்தது, சரியாகச் சொல்ல முடியாத பெயருடைய ஒரு பெண் தேத்தண்ணி தந்தாள், குடித்தேன் என்று எழுதினாள். தவறு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. எல்லாம் உண்மை, இந்தமுறை நித்திரை வருகிறது என்றாள்.

கதை சுபம் என்று முடிக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் அவளுடைய தம்பிக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதும் அவர்களுடைய வேலைமுறைதான். அப்பாவை இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையோடு சேர்த்து மூன்று தரமும் போய், வைத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டு, என் பெயரை வேறு வேறு விதமாகப் பிழையாகச் சொல்லிவிட்டு வந்தாராம். எங்கேயோ ஒரு கோப்பில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தியும் நானில்லை. எங்கள் மேசைச் சட்டப்படி பார்த்தால் அந்தக் கோப்பு செல்லாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்த மாதம் நான் மேற்பார்வையாளரிடம் போய் என் கழுத்து அட்டையை மாற்றித் தரச் சொன்னேன். இப்போது இருப்பவர் வேறொருவர், இளம் வயது. அட்டையில் அவ்வளவு எழுத்துக்கு இடமில்லை, ஒரு வரிதான் அச்சாகும் என்றார். அப்படியென்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், பெயரைச் சின்னதாக்காதீர்கள் என்றேன். மூன்று கிழமை இழுத்தடித்துத் தந்தார்கள். முப்பத்தொரு எழுத்தும் இரண்டு வரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. காலையில் வரும்போது எதிரே இருப்பவள் அதை வாசித்துத்தான் எனக்கு வணக்கம் சொல்கிறாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திருந்தி.

மற்றவர்களும் பழகட்டும். கஷ்டமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்லட்டுமா என்று இப்போதும் கேட்கிறார்கள். முடியாது என்கிறேன். என் பெயரைச் சொல்லத் தெரியாது என்று சொல்லும் உரிமை இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு.